சம்பந்தி வீட்டில் அப்பா சாப்பிட்டார்

தம்பி, நேற்று உங்கப்பா வரக்காப்பொலையில், உனக்குப் பேசியிருக்கிற பெண்ணின் வீட்டில், எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டார். இதை உனக்குப் போனில் சொல்லத்தான் காலையிலிருந்து பார்க்கிறேன். பேச வாயெடுத்தால் சிரிப்பு வருகிறது, உடனே அழுகையும் வருகிறது. எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று பிடிபடவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். போட்டோ பிடித்து அனுப்புவேன், பெரிதாக்கிப் படித்துக்கொள். ஒரு மனுசன் சம்பந்தி வீட்டில் சோறு தின்றதையா ஒருத்தி இவ்வளவு நீளமாக எழுதுவாள் என்று வேறு யாராவது கேட்டால் கேட்கட்டும். உன்னோடு அந்தக் கட்டார் அறையில் தங்கியிருக்கிற பையன்களுக்கும் வாசித்துக் காட்டு. எனக்கு வெட்கமில்லை. அவர்களில் ஒருவனுக்காவது உன்னுடையதைப் போல ஒரு வயிறு இருக்கும். அவனும் யாரிடமும் சொல்லாமல் இருப்பான்.

உனக்குத் தெரியாத இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் என்பதும், உங்கப்பாவைக் கட்டிக்கொண்டு குருவிட்டப் பக்கம் வந்தவள் என்பதும் உனக்குத் தெரியும். கல்யாணம் எங்கள் லயத்தில், அந்த வரிசை வீட்டு வாசலிலேயே நடந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் முதல் பந்தி. உங்கத்தை, அதுதான் அப்பாவின் அக்கா, இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றைத் தொட்டதாகப் பேர் பண்ணிவிட்டு இலையை மூடி எழுந்துவிட்டார். உங்கப்பாவும் அப்படித்தான், பாயாசத்தில் விரலை நனைத்ததோடு சரி. எங்க அப்பா பந்தியின் ஓரத்தில் சாம்பார் வாளியோடு நின்றவர், அப்படியே நின்றுவிட்டார். "நம்ம வூட்டுச் சோறு அவுங்களுக்கு எறங்கல" என்று அன்று சாயந்தரம் ஒரே ஒரு தரம் சொன்னார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் இந்தத் தோட்டத்துக்குக் காலெடுத்து வைக்கவில்லை. உன் தாய்மாமனும் அத்தையோடு பேச்சை விட்டுவிட்டான். உன் காதுகுத்துக்கு அவன் ஏன் வரவில்லை என்று நீ வளர்ந்த பிறகு கேட்டாயே, காரணம் இதுதான்.

நானும் அவர்களை வீம்பு பிடித்தவர்கள் என்றுதான் நினைத்தேன். இந்தத் தோட்டத்துச் சனமும் அப்படித்தான் சொல்லும். கல்யாண வீடோ கருமாதி வீடோ, உங்கப்பா வீட்டார் வருவார்கள், மொய் வைப்பார்கள், ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விடுவார்கள். கேட்டால் விரதம் என்பார்கள். உங்கப்பாவுக்கு எந்தச் சாமிக்கு இத்தனை விரதம் என்று எனக்கே தெரியாது. எங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனால் கட்டிலில் கூட உட்காராமல் வாசலில் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். அதற்காக நான் போட்ட சண்டையைப் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவள். தாய்மார் மலைக்குப் போனதும் அவர்கள் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். எந்தப் பிள்ளைக்கு எந்த நேரத்தில் வெளியே போகும், எது தின்றால் வயிறு ஊதும், எதற்குத் தண்ணியாய்ப் போகும் என்று நிறம், நாற்றம் உட்பட எனக்கு அத்துப்படி. சாயந்தரம் தாய்மாரிடம் அதைச் சத்தமாகச் சொல்லித்தான் பிள்ளையைக் கையில் கொடுப்பேன். அப்படிப்பட்ட எனக்கு என் வீட்டுக்காரரின் வயிற்றைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு அசிங்கமாகிவிடுகிறது, பிறகு யாரும் யாரிடமும் கேட்பதில்லை. உனக்குப் பிள்ளை பிறந்தால் அந்தப் பேச்சை நிறுத்திவிடாதே. இதுதான் இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்த முதல் புத்தி.

உன் கதை உனக்கே தெரியும், ஆனாலும் நான் பார்த்த மாதிரி சொல்கிறேன். நீ எட்டாம் வகுப்பு படித்தபோது வெள்ளம் வந்து கிணறெல்லாம் கலங்கிப்போனது. லயத்தில் பாதிப்பேருக்கு வயிற்றோட்டம். மற்றவர்களுக்கு நின்றது, உனக்கு நின்ற மாதிரி நின்று திரும்பத் திரும்ப வந்தது. இரத்தினபுரிக்கு டியூசன் போக ஏறிய பஸ்ஸிலிருந்து குருவிட்டயிலேயே இறங்கி நடந்து வீட்டுக்கு வருவாய். படிக்கக் கள்ளம் என்று உங்கப்பா சொன்னார். சொன்னவர் முகத்தை நான் அப்போது சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை விளங்கியிருக்கும். நான் உனக்கு மந்திரித்து நூல் கட்டினேன், டிஸ்பென்சரியில் வெள்ளை மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மாட்ச் ஆடப் போவதை நீயாகவே நிறுத்திக்கொண்டாய். கொழும்பில் ஏ.சி. வேலை படித்தபோது காலையில் பட்டினியாகவே கிளம்புவாயாம், அதுவும் பிறகுதான் தெரிந்தது.

வெளிநாடு போகுமுன் நீ வாய் திறந்து, "அம்மா, இந்த வயித்த வச்சிக்கிட்டு பிளேன்ல எப்படிப் போறது" என்று கேட்டபிறகுதான் இரத்தினபுரி கிளினிக்குக்குப் போனோம். அந்த டாக்டர் மிஸ் உன்னை நிதானமாகப் பரிசோதித்தார். இரத்தம் போகிறதா, உடம்பு மெலிகிறதா, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற வலியா என்றெல்லாம் கேட்டார். இரத்தத்தையும் மலத்தையும் சோதிக்க எழுதினார். பிறகு, "பவுலே காட்டஹரி மெஹெம தியெனவத?" என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்ற அந்தக் கேள்விக்கு, யாருக்கும் இல்லை மிஸ் என்று நான் சிங்களத்தில் அடித்துச் சொன்னேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு.

அடுத்த தரம் போனபோது ரிப்போர்ட்டெல்லாம் நல்லபடி வந்திருந்தது. இதற்கு ஐ.பி.எஸ். என்று பேர், குடலில் புண்ணோ கட்டியோ இல்லை, பார்த்தால் எல்லாருடைய குடலையும் போலத்தான் இருக்கும், ஆனால் சீக்கிரம் சீண்டப்படுகிற குடல் என்று அவர் விளக்கினார். சாப்பாடு உள்ளே இறங்கியதும் எல்லாருடைய பெருங்குடலும் கொஞ்சம் அசைந்து கொடுக்குமாம். இப்படிப்பட்டவர்களுக்கு அந்த அசைவு பலமாக வரும், சாதாரண வாயு நகர்வது கூட வலியாகத் தெரியும். குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்பு வழியாக ஓயாமல் பேச்சு நடக்கிறது, பயந்தால் அது இன்னும் சத்தமாகும். "அதுனாலதான் இவுங்கல்லாம் வெளிய போனா சாப்புடவே மாட்டாங்க. சாப்புட்டா ஓடணுமேன்னு பயம்," என்று அவர் சிங்களத்தில் சொல்லி வாய் மூடவில்லை, நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நீ என் சேலையைப் பிடித்து இழுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? மிஸ், மன்னிச்சிருங்க, எங்க வீட்டுக்காரர் பரம்பரையே அப்படித்தான் என்றேன். அந்த மிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு உட்கார முடியவில்லை. கல்யாணம், கருமாதி, விரதம் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து என் மடியில் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உங்கப்பாவைக் கேட்டேன். எனக்கு அப்படி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டார். நீ விமானம் ஏறும்வரை அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல்தான் தெரியாதது.

நீ போனபிறகு நான் தோட்டத்தின் கீழ்ப்பக்கம், கீழ்ப்பிரட்டுக்கு நடந்து அத்தை வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்காம்பராவில் தாய்மாரைக் கேட்கிற மாதிரியே கேட்டேன். மதினி, உங்களுக்குச் சாப்பிட்ட உடனே வெளியே வருமா, இல்லை நாள்கணக்கில் அடைத்துக்கொள்ளுமா என்றேன். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு நின்றது. என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சுளகைக் கீழே வைத்துவிட்டு, ரெண்டும்தான் புள்ள என்றார். ஒருவாரம் பூட்டிக்கொள்ளுமாம், பிறகு தாழ் உடைந்த கதவு மாதிரி ஆகுமாம். சின்ன வயதிலிருந்தே அப்படியாம். அவர்கள் அப்பாவுக்கும் அப்படி இருந்ததாம், அவர் மலைக்கு வேலைக்குப் போனால், சட்டென்று ஒதுங்க வசதியாக, ஓடைப்பக்கத்து மர நிரையைத்தான் கேட்டு வாங்குவாராம். நான் மெல்ல என் கல்யாணப் பந்தியைப் பற்றிக் கேட்டேன். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒங்க வூட்டுல ஒரே கக்கூசு. அதுக்கும் பந்தியத் தாண்டித்தான் போகணும். பட்டுச் சேலையோட அத்தன பேரு முன்னால நான் எப்படி ஓடுறது, சொல்லு. ஒங்க அப்பா மொகத்தப் பாத்தேன் புள்ள. இன்னிக்கும் அந்த மொகந்தான் கண்ணுல நிக்கிது."

நான் அங்கேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், உடனே சிரித்தும்விட்டேன், அத்தையும் சிரித்தார். ஒரு கக்கூசு எங்கே கட்டப்பட்டிருந்தது என்பதற்காக இரண்டு குடும்பம் இத்தனை காலம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறது! அன்றைக்கே உன் மாமனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டான். பிறகு, "அப்பா இருக்கப்ப தெரிஞ்சிருக்கலாம்" என்றான். மறுவாரம் ஒரு கூடை ரம்புட்டானோடு அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றான். தின்னச் சொல்லி வற்புறுத்தவில்லை, வைத்துவிட்டு உட்கார்ந்து பேசினான். அத்தை அவனை மாலைப் பஸ்வரைக்கும் விடவில்லை.

உங்கப்பாதான் கடைசிவரை மசியவில்லை. அத்தையே வந்து அவரைப் பார்த்து, தம்பி, எனக்கு இருக்கிறது உனக்கும் இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா, ஒரே காம்பராவில்தானே வளர்ந்தோம் என்று கேட்ட பிறகு, தலையைக் குனிந்துகொண்டு சட்டையைப் போட்டார். அதே மிஸ்ஸிடம் கூட்டிப்போனேன். இந்த வயதில் பேச்சை மட்டும் கேட்டு நோய்க்குப் பேர் வைக்க முடியாது என்று சொல்லி, பின்பக்கமாகக் குழாய்விட்டுப் பார்க்கிற பரிசோதனைக்கு அனுப்பினார். அதற்கு முந்தின நாள் குடிக்கக் கொடுத்த மருந்தின் திருவிளையாடலை நான் எழுதமாட்டேன், நீ வரும்போது அவரே சொல்வார், இப்போது எல்லாரிடமும் சொல்கிறார். குடல் சுத்தமாக இருந்தது. வெளியே வந்து, "ஒண்ணுமில்லயாம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வருசப் பயம் இருந்ததென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. புற்றுநோய் என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார், தம்பி. யாரிடமும் சொல்லாமல்.

அந்த மிஸ்ஸிடம் அன்றைக்கு நான் விடவில்லை. இது இரத்தத்தில் வருகிறதா, என் மகன் பிள்ளைக்கும் வருமா என்று கேட்டேன். அவர் சொன்னதை உனக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வர வாய்ப்புக் கூடுதல்தான். ஆனால் இது இன்ன மரபணு, இருந்தால் நோய், இல்லாவிட்டால் இல்லை என்று ஒன்றைக் காட்ட முடியாதாம். குடலின் அசைவுக்கு, அதன் நரம்புக்கு, உள்ளே குடியிருக்கிற கிருமிகளோடு அது பழகுகிற விதத்துக்கு, மனசின் பதற்றத்துக்கு என்று பல சின்னச் சின்ன மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கைகொடுக்கின்றன. அதோடு வளர்ந்த வீட்டின் பழக்கம் சேர்கிறது, பட்ட கவலை சேர்கிறது, உனக்கு வெள்ளத்தில் வந்த மாதிரி ஒரு வயிற்றோட்டமும் சேர்ந்தால் அது கிளம்பிவிடும். ஆகவே அப்பா உனக்கு நோயைக் கொடுக்கவில்லை. கூச்சமுள்ள ஒரு குடலைக் கொடுத்தார். பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். வந்தால் பட்டினி போட்டு மறைக்கச் சொல்லிக் கொடுக்காமல் இருந்தாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

சாப்பாட்டையும் மாற்றிப் பார்த்தோம். பால் தேத்தண்ணி, கோதுமை ரொட்டி, வெங்காயம், பலாச்சுளை, பருப்பு என்று கொஞ்ச காலம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் மிஸ். பிள்ளைக்காம்பராக்காரிக்கு இது கைவந்த வேலை. உங்கப்பாவுக்கு வெங்காயமும் பாலும்தான் எதிரி என்று கண்டுபிடித்தேன், ரொட்டி ஒன்றும் செய்யவில்லை. அத்தைக்கு வெங்காயம் சும்மா இருக்கிறது, பலாப்பழம்தான் ஆட்டி வைக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கே ஒரே பத்தியம் ஒத்துவரவில்லை பார். அதனால் அங்கே போனில் யாரோ சொன்னதைக் கேட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு எலும்பும் தோலுமாய் நிற்காதே. உனக்கு ஆகாதது எது என்று பார்த்து அதைமட்டும் குறை. எப்போதும் போலில்லாமல் புதிதாக ஏதாவது தெரிந்தால், இரத்தம் கண்டால், வைத்தியரிடம் ஓடு. இதுவும் பழைய கதைதான் என்று நீயே தீர்ப்புச் சொல்லாதே.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். பெண்வீட்டார் பஜாரில் கடை வைத்திருப்பவர்கள். நாம் லயத்தில் இருப்பவர்கள். அவர்கள் வீட்டில் போய்ச் சாப்பிடாமல் எழுந்தால் என்ன பேர் வரும் என்று எனக்கு இரண்டு நாளாகத் தலை சுற்றியது. போதாததற்கு யாரோ அவர்கள் காதில், மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வீட்டில் கைநனைக்காத வீம்புக்காரர்கள் என்று முன்பே போட்டு வைத்திருக்கிறார்கள். அத்தையும் வந்தார். அவிசாவளையில் பஸ் மாறும்போது உங்கப்பாவின் முகம் வெளுத்துப்போனது. முன்பென்றால் அங்கிருந்தே திரும்பியிருப்பார். நேற்று, மிஸ் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை மெல்ல இழுத்து விட்டுக்கொண்டு, பொதுக் கக்கூசுக்குப் போய்வந்து, அடுத்த பஸ்ஸில் தானே முதலில் ஏறி எங்களுக்கு இடம்பிடித்தார்.

அங்கே கூடத்தில் இலை போட்டிருந்தது. பெண்ணின் அம்மா கையில் சோற்றுச் சட்டியோடு நிற்கிறார், கண் முழுக்க உங்கப்பாவின் மேல். பெண்ணின் அப்பா கைகட்டி நிற்கிறார். எனக்கு எங்க அப்பாவும் அவர் சாம்பார் வாளியும் கண்ணுக்குள் வந்துவிட்டது. நான் சமாளித்துப் பேசலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் உங்கப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தங்கச்சி, எனக்கு வயித்துல ஒரு வருத்தம் இருக்கு. எங்க பரம்பரையில வாறது. வெங்காயம் போடாத கறி எது, கக்கூசு எந்தப் பக்கம், இது ரெண்டயும் சொல்லிட்டீங்கன்னா நான் நிம்மதியா ஒக்காந்து சாப்புடுவேன்."

 அந்த அம்மா சட்டியைக் கீழே வைத்தார். வாங்கண்ணே என்று சொல்லி, தானே முன்னால் நடந்து வழியைக் காட்டிவிட்டு வந்தார். பிறகு கறிச்சட்டிகளைத் திறந்து இதில் வெங்காயம் இருக்கிறது, இதில் இல்லை என்று எனக்குக் காட்டினார், இரண்டுதான் இல்லாதது. ஓடிப்போய் ஒரு முட்டையைப் பொரித்துக்கொண்டும் வந்துவிட்டார். உங்கப்பா உட்கார்ந்து சாப்பிட்டார். பாதியில் எழுந்து போனார். நான் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அத்தை என் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வந்தார், அதே இலையில் உட்கார்ந்தார், ரசம் கேட்டார். அந்த அம்மா ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி சோறு வைத்து ரசம் ஊற்றினார். அந்த நேரத்தில் அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு.

கைகழுவப் போன இடத்தில் உன் பெண் எனக்குத் துவாய் கொடுத்தாள். உன் வயிற்றைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறினேன். அவள் சிரித்துக்கொண்டு, "மாமி, அவரு என்கிட்ட மொதமொத மனசுவிட்டுச் சொன்னதே இதத்தான்" என்றாள். நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய்! உங்கப்பா கிழவனாகும்வரை சொல்ல முடியாததை, உங்கத்தை ஒரு சம்பந்தத்தையே பலிகொடுத்து மறைத்ததை, நீ பழக ஆரம்பித்த உடனேயே ஒரு பெண்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாய். எனக்கு அந்த இடத்திலேயே உன்னைக் கூப்பிட்டுக் கத்தவேண்டும் போல இருந்தது. அவளைக் கட்டிக்கொண்ட பிறகும் இதே மாதிரி இரு. உடம்புக்கு ஆகாததை, மனசுக்கு ஆகாததை, சொல்லக் கூசுவதை முதலில் சொல். அவள் சொன்னால் முகம் சுளிக்காமல் கேள். வயிற்றைச் சாக்காக வைத்து வீட்டு வேலையிலிருந்து நழுவாதே, அதையும் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். நீ போன அன்று உங்கப்பா விமான நிலையத்துக்கு வராமல் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாரே, கோபமென்று நினைத்து நீ வேன் ஜன்னலை மூடிக்கொண்டாய். கோபமில்லையாம், வழியில் வேனை நிறுத்தச் சொல்லக் கூசித்தானாம். நாங்கள் திரும்பி வரும்வரை அவர் அந்தப் பாத்தியிலேயேதான் நின்றாராம். இப்போது நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறார். கல்யாணத்துக்கு நீ வருகிற பிளேன் எப்போது வந்து இறங்கும் என்று உன்னைக் கேட்கச் சொல்கிறார், விமான நிலையத்துக்குப் போகிற பஸ்ஸில் வழியில் எங்கெங்கே இறங்கலாம் என்று கண்டக்டரிடம் விசாரித்து வைத்துவிட்டாராம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவன் கதவத் தொறந்து வெளிய வாறப்ப மொதல்ல நாந்தான் நிப்பேன்னு எழுது."